நகக்கண்ணில் ஈயம்

சந்திப்பு அறைக்குள் போகுமுன் ஊதா விளக்கின் கீழ் கையை நீட்ட வேண்டும். நீட்டினேன். பத்து நகமும் வழக்கம்போல ஆரஞ்சாக எரிந்தன. காவலன் எடிசன் சிரித்தான்.

“பெரிசு, உன் கையில எப்பவும் தீபாவளிதான்.”

“நீங்க குத்துன ஊசிடா. நானா கேட்டேன்?”

ஊசி எல்லாருக்கும் போட்டார்கள். ஒளிர்காட்டி என்று பெயர். உயிருள்ள செல்லுக்குள் புகுந்து ஈயத்தைத் தேடிப் பிடிக்குமாம். பிடித்தால் ஊதா வெளிச்சத்தில் எரியுமாம். படித்தவன் சொல்வதை நான் நம்புவதில்லை. ஆனால் நகம் எரிகிறதே, அதை என்ன செய்ய? எரியாதவர்கள் மதிலுக்கு உள்ளே, தூயநகரில். எரிகிறவர்கள் வெளியே, மேட்டில். ஈயம் ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை என்று ஒரு டாக்டரே சொன்னார். அப்புறம் எதற்கு மதில் என்று கேட்டேன். எங்கள் கழிவு அவர்கள் தண்ணீரில் கலக்கக் கூடாதாம்.

நானும் என் மனைவி தெய்வானையும் ஒரே பட்டறையில் பழைய பேட்டரி உடைத்து ஈயம் எடுத்தவர்கள். பரிசோதனையில் அவள் நகம் எரியவில்லை. மகளோடு உள்ளே போய்விட்டாள். வருடங்கள் ஓடிவிட்டன. மாதம் ஒரு முறை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். மற்ற நாளெல்லாம் ரேடியோவைத் திட்டிக்கொண்டிருப்பேன். திருப்பித் திட்ட அதற்குத் தெரியாது.

கொஞ்ச காலமாக அவள் மருதாணி வைத்துக்கொண்டு வந்தாள். இந்த வயதில் எனக்காக அலங்காரமா என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். நானும் முகம் மழித்துக்கொண்டு போக ஆரம்பித்தேன்.

இன்றைக்கு அறைக்குள்ளும் புதிதாக ஊதா விளக்கு மாட்டியிருந்தார்கள். தெய்வானை வந்து உட்கார்ந்தாள்.

“பேத்தி நடக்குதுயா. என் பொடவையப் புடிச்சிக்கினு இப்படி இப்படின்னு…” கையை ஆட்டிக் காட்டினாள்.

மருதாணிக்கு அடியில், புதிதாக வளர்ந்த நகத்தின் வெளுத்த இடத்தில், நூல் மாதிரி ஓர் ஆரஞ்சுக் கோடு.

“கையக் காட்டு.”

முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். “மருதாணி மேல வெளிச்சம் தெரியாதுன்னு பக்கத்து வூட்டம்மா சொன்னா.”

“எப்பலேர்ந்து?”

“போன வருசம். எலும்புக்குள்ள ஒளிஞ்சிக்கினு இருந்துச்சாம். வயசாயி எலும்பு கரையச்சொல்ல வெளிய வருதாம்.”

ஆக, எனக்காக வைத்த மருதாணி இல்லை.

“சொல்லிடுவியா?” என்றாள்.

என்னைப் பார்த்து அப்படிக் கேட்டாள். சொன்னால் உடனே வெளியே தள்ளுவார்கள். தள்ளுகிற இடம் என் வீடுதான். பாத்திரம் உருளும். சோற்றில் உப்பு இல்லை என்று சண்டை வரும். பக்கத்தில் ஒருத்தி குறட்டை விடுவாள். ஒரு வார்த்தை போதும், எடிசன் அங்கேதான் நின்றான்.

“நீயா வந்துடேன்,” என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “பாப்பா என்கிட்டதான்யா தூங்குது.”

எடிசன் நெருங்கி வந்தான். “இன்னாம்மா, முந்தானைல என்னமோ மினுக்குச்சு?”

இரண்டு கையையும் கண்ணாடியில் அறைந்தேன். அவள் மடிமேல் ஆரஞ்சு வெளிச்சம் விழுந்தது.

“என் கைடா அது! கண்ணாடில தெரியுது. கண்ணு அவிஞ்சுபோச்சா உனக்கு?”

“கண்ணாடியத் தொடாத பெரிசு, தொடைக்கிறது யாரு?” என்று முனகிக்கொண்டே போனான்.

தெய்வானை முந்தானையைக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.

“இனிமே இங்க வராத,” என்றேன்.

“இன்னாயா சொல்ற?”

“நகம் வளந்துக்கினேதான் இருக்கும். எத்தினி வாட்டி தப்பிப்ப? இந்த வெளக்கு அடியில வந்து குந்தாத.”

“அப்ப நீ?”

“நான் இன்னா கைக்கொழந்தையா? போ. புள்ள தேடும்.”

மணி அடித்தது. அவள் எழுந்து போனாள். கதவுவரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் கையை எடுக்கவில்லை.

வெளியே வந்ததும் எடிசனிடம், “அடுத்த மாசத்துலேர்ந்து என் பேர அடிச்சிடு,” என்றேன்.

“ஏன் பெரிசு?”

“பொண்டாட்டிகூட சண்ட.”

“இந்த வயசுலயா!” விழுந்து விழுந்து சிரித்தான். “சரி, சமாதானம் ஆனா சொல்லு. மறுபடி சேத்துக்கலாம்.”

“ஆவாது,” என்றேன்.