இடம் மாறிய கொழுப்பு

காலை 9.20. துறைமுகத்துக்கு எதிரே இருந்த மருத்துவப் பரிசோதனைக் கூடத்தின் கண்ணாடிக் கதவு நொறுங்கிக் கிடந்தது. உடைத்தவர் ஓடிப்போகவில்லை. கப்பலில் சமையல் வேலை பார்ப்பவர், வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். கையிலிருந்து ரத்தம் வடிந்தது. நர்ஸ் பஞ்சை நீட்டினாளே தவிர, கிட்டே வரவில்லை.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். பதினான்கு மாதமாக விடுப்பே காணாத உடம்பு. முழங்கால் வலிக்கக் குனிந்து, கையுறை கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, அவரே கட்டுப் போட்டார்.

"எதுக்குய்யா உடைச்சே?"

"எனக்கு ஈரல்ல வைரஸாம் சார். சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கப்பல், ஏத்த மாட்டாங்களாம். அதுகூடப் போகட்டும். 'எங்கே போய் வாங்கிட்டு வந்தே?'ன்னு என் பொண்டாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டா. அதுக்கப்புறம் முகம் குடுத்துப் பேசல. அது என் ரத்தமே இல்ல சார்!"

'நான் இல்லை' என்பது இருபத்தாறு வருடமாகக் கேட்டு அலுத்த பேச்சு. இருந்தாலும் இன்ஸ்பெக்டர் அறிக்கையை வாங்கிப் பார்த்தார். சிவப்பு மையில் அடிக்கோடிட்ட வைரஸ் வரியைத் தாண்டி, பழக்க தோஷத்தில் அவர் கண் கொழுப்பு வரிக்குப் போனது. மூன்று வருடமாக மாத்திரை விழுங்கியும் அவருடையது இறங்க மாட்டேன் என்கிறது. இந்த ஆளுக்கு 104.

கொடுத்து வைத்தவன் என்று நினைத்தபடி, பழைய கோப்பைக் கேட்டார்.

9.50. போன வருடம் 238. அதற்கு முந்தின வருடம் 231.

"கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுறியா?"

"தலைவலிக்குக்கூடச் சாப்பிட மாட்டேன் சார்."

"எடை குறைஞ்சிருக்கா?"

"நானா? ருசி பார்த்தே ஊதிப்போனவன்."

10.15. நர்ஸை உள்ளே அழைத்தார்.

"ரத்தம் எடுத்த அன்னிக்கு இவர்கூட வேற யார் குடுத்தாங்க?"

"இவரோட மச்சான் மட்டும்தான் சார். அதே கப்பல்ல மெக்கானிக். இவர் சம்சாரத்தோட கூடப்பிறந்த அண்ணன்."

"குழாய்ல பேர் ஒட்டினது?"

"நான்தான். ஸ்டாண்டுல இடது பக்கம் இவரு, வலது பக்கம் அவரு. ஒட்டுறதுக்குள்ள போன் வந்துச்சு. ரெண்டு நிமிஷம் வெளியே போனேன்."

"அப்ப இவரு?"

"சிறுநீர் குடுக்கப் போயிருந்தாரு."

"மெக்கானிக்?"

நர்ஸின் முகம் வெளுத்தது. "அங்கேயேதான்... பஞ்சை அழுத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு."

மெக்கானிக்கின் கோப்பு வந்தது. இந்த வருடம் வைரஸ் இல்லை, கொழுப்பு 236. முந்தின மூன்று வருடங்களில் 109, 101, 98. போன வருட ஸ்கேனில் மட்டும் ஒரு வரி: ஈரலில் கொழுப்புப் படிவு.

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ரத்தத்தில் இல்லாத கொழுப்பு ஈரலில் எப்படி வந்தது?

11.00. கூடத்தின் டாக்டரம்மா இரண்டு கோப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"கொழுப்பைப் பொட்டலம் கட்டி ரத்தத்துக்கு அனுப்புறதுல பெரும்பங்கு ஈரலோடது சார். இந்த வைரஸ் வருஷக்கணக்கா அங்கே குடியிருந்தா அந்த வேலையைக் கெடுத்துடும். சரக்கு ஈரல்லயே தேங்கும், ரத்தத்துல குறையும்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்னு சொல்ல முடியாது. ஆனா நிறையப் பேருக்கு. இந்த வைரஸ் சோதனையை இந்த வருஷம்தான் சேர்த்தாங்க. அதுவரைக்கும், நல்ல ரிப்போர்ட்டுன்னு மெக்கானிக்கை நானே தட்டிக்குடுத்து அனுப்பியிருக்கேன்."

சமையற்காரரிடம் புதிதாக ரத்தம் எடுத்தார்கள். மதியம் 1.30க்கு முடிவு வந்தது. வைரஸ் இல்லை. கொழுப்பு 235.

2.10. பெட்டியும் கையுமாகக் கப்பலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மெக்கானிக்கைக் கூட்டிவந்தார்கள். கூடவே தங்கையும் வந்தாள்.

"குழாயை இடம் மாத்தி வெச்சது நீங்கதான்" என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் வெற்றி எதுவும் இல்லை.

"காதுல பூ சுத்தாதீங்க சார். ரத்தத்துல பேரா எழுதியிருக்கு?"

"எழுதாத குறைதான். வைரஸைத் தங்கச்சி புருஷன் தலையில கட்டினீங்க. கூடவே உங்க நூத்தி நாலும் அவர்கிட்டப் போச்சு. அவரோட இருநூத்தி முப்பத்தாறு உங்ககிட்ட வந்துச்சு. ஒரே நாள்ல ரெண்டு பேருக்கும் கொழுப்பு இடம் மாறுமா? எல்லாரும் வைரஸைப் பார்த்தாங்க. அந்த வரியை யாரும் பார்க்கல. இன்னொரு குழாய் ரத்தம் குடுங்க, பார்த்துடலாம்."

மெக்கானிக் கையை நீட்டவில்லை. நாற்காலியில் சரிந்தார்.

"புதுசா டெஸ்ட் வருதுன்னதும் வெளியில ரகசியமாப் பார்த்தேன். இருக்குன்னு வந்துச்சு. தெரிஞ்சா கப்பல்ல எவன் என் பக்கத்துல நிப்பான்? மாப்பிள்ளைக்கு மறுபடி பார்த்தா இல்லன்னு வந்துடும், அடுத்த கப்பல்ல போயிடுவாருன்னு நெனச்சேன்."

"மூணு மாசம் மாத்திரை" என்றார் டாக்டரம்மா. "பெரும்பாலும் குணமாயிடும். இதுக்காய்யா?"

தங்கை இன்னும் கணவன் பக்கம் திரும்பவில்லை. திரும்ப அவளுக்கு முகமில்லை. அண்ணனைத்தான் பார்த்தாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?"

"சொன்னா நீ அழுவே."

"இப்ப என்ன, சிரிக்கிறேனா?"