சாதாக் கண்ணாடியில் நாலாவது ஆள்

ஆலையின் மின்சாரப் பேனல் அறைக்கு வெளிச்சம் வர வழியே கிடையாது. நட்ட நடுப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் ஆள் தெரியும். கனத்த இரும்புக் கதவை மேனேஜர் தள்ளித் திறந்ததும் உள்ளேயிருந்து வெக்கை வந்து அவள் முகத்தில் அடித்தது. கூடவே ஒரு கருகல் வாடை. சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். அடித்தவர்களுக்கு அவசரம் போலிருக்கிறது. மூன்றாவது பேனலுக்கு மேலே கூரையில் கரி அப்படியே அப்பிக் கிடந்தது.

அந்தக் கரி எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும். அவள் தம்பி செத்த இடம் அது.

அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே தொழில். மின்சாரப் பேனல்களை, சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமராவில் பார்த்து, உள்ளே எந்த இணைப்பு அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது என்று கண்டு சொல்வது. மூடிய கதவைத் தாண்டிக் கேமராவுக்குக் கண் தெரியாது. போன வருஷம், உள்ளே மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தம்பி கதவைத் திறந்தான். ஒரு வெடிப்பு, அவ்வளவுதான். அவன் முகத்தைக்கூட அவளுக்குக் காட்டவில்லை. "யாரும் சொல்லல, அவனாத்தான் திறந்தான்" என்று வாய் கூசாமல் சொல்லி, பழியைச் செத்தவன் தலையிலேயே கட்டிவிட்டு ஆலை கைகழுவிக்கொண்டது.

தம்பி அப்படித் திறக்கிறவன் இல்லை. திறக்கச் சொன்னது யார்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த வேலையை அவள் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். மேனேஜருக்கு அவள் யாரென்று தெரியாது.

"பாத்தீங்களா மேடம், எல்லாக் கதவுக்கும் ஜன்னல் வச்சாச்சு. இனிமே தொறக்கவே வேண்டாம்" என்றார் பெருமையாக.

ஒவ்வொரு கதவிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்ட ஜன்னல். நல்ல ஏற்பாடுதான். சூட்டை ஊடுருவவிடும் தனிப் படிகத்தில் அதைச் செய்வார்கள். கதவு மூடியபடி இருக்க, கேமரா அதன் வழியாக உள்ளே பார்க்கும். யாரும் சாக வேண்டியதில்லை.

மூன்றாவது பேனல் முன்னால் நின்று கேமராவை நீட்டினாள். திரையில் கம்பிகள் தெரியவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணின் மங்கலான உருவம் தெரிந்தது.

அவளேதான்.

படிகமாவது ஒன்றாவது! கடையில் கிடைத்த சாதாக் கண்ணாடியை வட்டமாக வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அதில் சூடு ஊடுருவாது. எதிரே நிற்பவரின் சூட்டைத்தான் கண்ணாடி திருப்பிக் காட்டும். ஓர் உயிர் போன பிறகும் இவர்களுக்குக் கண்துடைப்புதான்.

"சார், இது சாதாக் கண்ணாடி."

"கண்ணாடின்னா கண்ணாடிதானே மேடம்? உள்ள நல்லாத் தெரியுதே."

"உங்க கண்ணுக்குத் தெரியும். கேமராவுக்குத் தெரியாது. யார் கண்ணுல மண்ணத் தூவ இத மாட்டினீங்க?"

மேனேஜரின் முகம் சுருங்கியது. "சரி விடுங்க, தொறந்தே பாத்துடலாம். ரெண்டு நிமிஷ வேலை. டேய் மீசை, சாவியப் போடு."

மீசை என்று எல்லோரும் கூப்பிடும் ஆலை எலக்ட்ரீஷியன் சாவியோடு வந்தார்.

"அண்ணே, கரண்ட நிறுத்தாம தொறக்காதீங்க" என்றாள் அவள்.

"நிறுத்த முடியாது. சரக்கு இன்னிக்குப் போயாகணும்" என்றார் மேனேஜர். "போன வருஷம் இப்படித்தான் ஒரு அவசரக்குடுக்கை வந்தான். தானும் செத்து, எங்க பேரையும் கெடுத்துட்டுப் போனான்."

அவள் கேமராவை இறுகப் பிடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

கண்ணாடி அவர்களைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தது. அவள், பின்னால் மேனேஜர், பக்கத்தில் மீசை. அறையில் இருந்தது மூன்று பேர்.

கண்ணாடியில் நாலு பேர்.

நாலாவது உருவம் மற்றவர்களைப்போல மங்கலாக இல்லை. உலைபோல வெள்ளையாகத் தகித்தது. அதற்கு முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெளிச்சம்தான் இருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. கருகல் வாடை மட்டும் கூடியிருந்தது.

மீண்டும் திரை. அந்த உருவம் கையை நீட்டி மீசையின் மணிக்கட்டைப் பற்றியது. சின்ன வயதில் சைக்கிள் சங்கிலியில் சிக்கி வளைந்துபோன சுண்டுவிரல்.

தம்பி.

"சார்... சாவி திரும்பல" என்றார் மீசை. அவர் குரல் உள்ளே போயிருந்தது. "யாரோ என் கையப் பிடிச்சிருக்காங்க."

"குடிச்சிருக்கியா?"

மீசையின் கையிலிருந்து சாவி நழுவியது. அவர் உடைந்துபோனார். "அன்னிக்கும் இதே மாதிரிதானே சார் சொன்னீங்க? ரெண்டு நிமிஷம், தொறன்னு. அந்தப் புள்ள மாட்டேன்னுச்சு. தொறக்கலன்னா உனக்கு எங்கயும் வேலை கிடைக்காதுன்னு மிரட்டினீங்க. நான் இங்கதான் நின்னேன். என் பொழப்புக்குப் பயந்து வாய மூடிக்கிட்டேன்."

"அந்தப் புள்ள என் தம்பி" என்றாள் அவள்.

மேனேஜர் ஒரு கணம் திகைத்தார். பிறகு திகைப்பு ஆத்திரமாயிற்று. "ஓ, ரெண்டு பேரும் சேந்து நாடகம் போடறீங்களா? தள்ளு! நானே தொறக்கறேன்."

சாவியைப் பொறுக்கிப் போட்டார். வழுக்கிக்கொண்டு திரும்பியது.

திரையில், தகிக்கும் கை மேனேஜரின் கைமேல் இருந்தது. இம்முறை அது தடுக்கவில்லை. சேர்ந்து திருப்பியது.

பேனலுக்குள் ஒரு ரீங்காரம் ஏறியது.

எட்டினால் தொடும் தூரத்தில், சுவரில் சிவப்புப் பொத்தான். அழுத்தினால் ஆலை மொத்தமும் நின்றுவிடும். அவள் அழுத்தவில்லை. திறக்கட்டும், வேகட்டும் என்றே மனம் சொன்னது. அப்படி நினைத்ததற்கு அவள் வெட்கப்படவும் இல்லை.

ஆனால் இவன் செத்தால் இவனும் பாவம் ஆகிவிடுவான். மாலை போடுவார்கள். பழி தம்பி தலையிலேயே நிற்கும்.

"சாகடிச்சு இவனத் தப்பிக்க விட்றாதடா" என்று முணுமுணுத்தாள். "இவன் வாயால சொல்லணும்."

பொத்தானை ஓங்கிக் குத்தினாள்.

ரீங்காரம் அறுந்தது. விளக்கு அணைந்தது. பேனல் கதவு கிறீச்சிட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது.

இருட்டில் மேனேஜர் அலறினார். "தோள்! யோவ், என் தோள விடு!"

சில வாரம் கழித்து, தம்பியின் சாவுக்கு மறுபடி விசாரணை வைத்தார்கள். நீள மேஜை ஒன்றைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். மீசை நடந்ததைச் சொன்னார். கழற்றி எடுத்த கண்ணாடியையும் கேமராவையும் மேஜைமேல் வைத்து, அந்தக் கண்ணாடி எதற்கும் உதவாது என்று அவள் செய்து காட்டினாள். பிறகு மேனேஜர் எழுந்தார். "அது வந்து, அந்தப் பையன் தானாத்தான்..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று தோளைப் பிடித்துக்கொண்டார். அறைக்குள் கருகல் வாடை பரவியது. யாரோ எழுந்து மின்விசிறியைப் பார்த்தார்.

மேனேஜருக்கு வேர்த்துக் கொட்டியது. "நான்தான் தொறக்கச் சொன்னேன்" என்றார். "அவன் மாட்டேன்னான். நான்தான் மிரட்டினேன்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். போதும் என்று விசாரணை அதிகாரி தடுத்தும் நிறுத்தவில்லை.

அவள் கேமராவை எடுத்து அவர் பக்கம் திருப்பினாள். சட்டைத் தோளின்மேல் ஐந்து விரல்கள் வெள்ளையாகத் தகித்தன. சுண்டுவிரல் வளைந்திருந்தது.

"சொல்லிட்டான்டா" என்றாள், தனக்கே கேட்காத குரலில். "போதும், விடு."

விரல்கள் மெல்ல இறுகின.

அவள் இன்னொரு முறை கேட்கவில்லை. கேமராவை அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.