கிளாராவின் கை

கிளாரா வேலையை விட்டுப் போய் மூன்று நாளாகியும் அவள் மேசையிலிருந்து ஃப்ளக்ஸ் பிசின் வாசனை வந்துகொண்டிருந்தது. அவளுடைய சால்டரிங் அயர்னின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தது கங்காதான். ஆனாலும் காலை ஷிப்டுக்கு உள்ளே நுழைந்ததும், சன்னல் இல்லாத அந்த ஏசி அறையில், யாரோ இப்போதுதான் எழுந்து டீ குடிக்கப் போனதுபோல, பிசின் கருகும் நெடி காலி நாற்காலியைச் சுற்றியே நின்றது.

ஒரகடத்தில் இந்தக் கம்பெனிக்கு வந்து கங்காவுக்கு ஏழு வருஷம். மெஷின் சரியாக ஒட்டாத ஐசி சில்லுகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக் கையால் பற்றவைக்கும் வேலை. முடி நுழையும் இடைவெளியில் வரிசையாகக் கால்கள். இரண்டு சேர்ந்து ஒட்டிக்கொண்டால் போர்டு ஓடாது. குன்றத்தூர் கிளாரா வந்து நாலே மாசம். ஒரே இழுப்பில் ஒரு பக்கத்தையே முடித்துவிடுவாள், ஒரு கால்கூட இன்னொன்றோடு சேராது. பெர்மனென்ட் வேலை அவளுக்குத்தான் என்று சூப்பர்வைசர் சிவசங்கர் சொன்ன அன்று கங்காவுக்கு வயிறு எரிந்தது.

கிளாரா சாப்பிடப் போன நேரம் பார்த்து, கங்கா அவள் அயர்னின் சூட்டை நூறு டிகிரி ஏற்றிவிட்டாள். அன்று மதியம் ஆறு போர்டில் சூடு தாங்காமல் செம்புக் கோடுகள் பெயர்ந்து வந்தன.

"ஹீட்ட நான் தொடவே இல்லக்கா. பக்கத்துலதான குந்திகினு இருந்தீங்க, சொல்லுங்கக்கா," என்றாள் கிளாரா, சிவசங்கர் முன்னால்.

கங்கா வாயைத் திறக்கவில்லை. அன்றோடு கிளாராவின் வேலை போனது.

இன்று பெர்மனென்டுக்கான டெஸ்ட் போர்டு கங்காவின் முன்னால் இருந்தது. கண்ணை மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். வட்ட வெளிச்சத்தில் அவளுடைய அயர்ன் முனை நடுங்கியது.

எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு முனை உள்ளே வந்தது. அது நடுங்கவில்லை.

பின்னாலேயே விரல்கள். ஆள்காட்டி விரலில் தீத்தழும்பு. முதல் வாரம் கிளாரா சுட்டுக்கொண்டது. மருந்து போட்டுவிட்டதே கங்காதான்.

தலையைத் தூக்கினாள். யாருமில்லை.

குனிந்தாள். கை இருந்தது. அவள் தொடாத கால்களை ஒரே இழுப்பில் முடித்தது. பிறகு வட்டத்தை விட்டு மேலே நகர்ந்தது. அவள் முகத்தை நோக்கி.

சூடில்லை. வலியில்லை. நெடி மட்டும்.

நான்தான் ஏற்றினேன் என்று கத்தப் பார்த்தாள். உதடு பிரியவில்லை.

பக்கத்து மேசையின் அணைந்த மானிட்டரில் அவள் வாய் தெரிந்தது. மேலுதட்டிலிருந்து கீழுதட்டுக்கு, முடி நுழையும் இடைவெளி விட்டு, வரிசையாக ஈயம் மின்னியது. ஒன்றுகூட இன்னொன்றோடு சேரவில்லை.

அதைப் பார்த்தும் கங்காவுக்கு வயிறு எரிந்தது.