தட்டைக் கழுவி வைத்த பேய்

எதிர் வீட்டு வீராசாமி தாத்தா இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் அவர் வீட்டுக்குள் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் பார்த்தவன் யுவன். அவனுக்கு எட்டு வயது. அடுப்படி ஜன்னலில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, எதிர் வீட்டுல ஆளு இருக்கு."

"அது காலி வீடு லா. ஆளு எங்கருந்து வரும்?" என்றாள் லோஷினி.

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

லோஷினி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். அவள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறவள். பேய்க் கதைகளை நம்பாதவள், அதாவது பகலில்.

டுரியான் துங்கால் ஊருக்கு வெளியே இருந்த அந்தச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் இப்போது ஆட்கள் குறைவு. பலர் குருபோங் பக்கம் புதுக் குடியிருப்பான தாமானில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். தொழிலாளர்களின் லயத்து வீடுகள் வரிசையாகக் காலியாகக் கிடந்தன. கதவுகள் சாய்ந்து தொங்கின. பொழுது சாய்ந்தால் செம்பனை மரங்கள் கறுத்துப்போய், வீடுகளுக்கு இன்னும் பக்கத்தில் வந்து நிற்பது போல் இருக்கும்.

எதிர் வீட்டு ஜன்னலில் இருட்டு. அந்த இருட்டுக்குள் இன்னும் கறுப்பாக ஓர் உருவம். தலை, தோள். அது அசையவில்லை. இவர்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தாத்தாவா அக்கா?"

"வாயை மூடு. ஜன்னலைச் சாத்து."

"அம்மாகிட்ட சொல்லலாமா?"

"சொன்னா பல்லை உடைப்பேன்."

அம்மாவிடம் சொல்ல முடியாது. அம்மாவின் இதயம் சரியில்லை.

அம்மா செங் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவர். படியேறினாலே மூச்சு வாங்குகிறது என்று டாக்டரிடம் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. வேலையை விடச் சொன்னார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும்.

"நெஞ்சுக்குள்ள ஒரு சின்னக் கதவு இருக்கு. அது சரியா மூடமாட்டேங்குது. கோலாலம்பூர்ல புதுக் கதவு போடுவாங்க. அவ்ளோதான் லா," என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

"கதவை மாத்தணும்னா நெஞ்சைத் திறப்பாங்களா?" என்று யுவன் கேட்டான்.

அம்மா டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

போன மாதமே ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். சளி பிடித்திருக்கிறது என்று அம்மா தள்ளிப் போட்டார். அப்பாவுக்கு வந்த கோபத்தில், அன்று அவர் செம்பனைப் பழ லாரியைக் கிளப்பிய சத்தம் ஆற்றுப் பாலம் வரைக்கும் கேட்டிருக்கும். இப்போது வரும் திங்கட்கிழமை மறுபடியும் தேதி. "இதையும் விட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டம்" என்று டாக்டர் அப்பாவிடம் நேராகவே சொல்லிவிட்டார்.

தினமும் பொழுது சாயும்போது அம்மா எண்ணெய்ப் புட்டியோடு மாரியம்மன் கோயிலுக்கு விளக்கு வைக்கப் போவார். அம்மா போன பிறகுதான் எதிர் வீட்டில் அந்த உருவம் வரும். அம்மா திரும்பி வருவதற்குள் அது போயிருக்கும்.

வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து வந்ததும் யுவன் அக்காவின் காதருகில் வந்தான்.

"எங்க வகுப்பு தினேஸ்வரன் சொன்னான் அக்கா. செத்தவங்க சும்மா வரமாட்டாங்களாம். யாரையாவது கூட்டிட்டுப் போகத்தான் வருவாங்களாம்."

"அவனுக்கு வாய்ப்பாடே தெரியாது. பேயைப் பத்தி என்ன தெரியும்?"

அப்படிச் சொன்னாளே தவிர, லோஷினி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைக்குள் தாத்தா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால்?

அவள் யோசித்தாள். யாராவது இறந்தால், வருடா வருடம் அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பார்கள். தாத்தாவின் மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். இந்த வருடம் அவர் வரவில்லை. படையலும் இல்லை.

"தாத்தாவுக்குப் பசி. அதான் வந்திருக்காரு," என்றாள்.

"அப்போ சோறு போட்டா போயிடுவாரா?"

"போகச் சொல்லிக் கேட்போம்."

தாத்தாவுக்கு நெத்திலிச் சம்பல் என்றால் உயிர். அதோடு, பால் இல்லாத கறுப்புக் கோப்பி. அம்மா மத்தியானம் படுத்திருந்த நேரத்தில் லோஷினி சத்தம் வராமல் சம்பல் கிண்டினாள். யுவன் கோப்பி கலக்கினான். பாதி மேசையில் கொட்டியது.

அன்று மாலை அம்மா கோயிலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் கழித்து, இருவரும் சோற்றுத் தட்டையும் கரண்டியையும் குவளையையும் எடுத்துக்கொண்டு செம்மண் பாதையைக் கடந்தார்கள். காற்றே இல்லை. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. தாத்தா வீட்டின் கதவு அரைகுறையாகத் திறந்திருந்தது. உள்ளே ஈரச் சுவரும் பழைய சாம்பலும் கலந்த வாடை.

லோஷினி தட்டை வாசற்படியில் வைத்தாள். கைகூப்பினாள்.

"தாத்தா, நல்லா சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டுப் போயிடுங்க. எங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போகாதீங்க. எங்களுக்கு அம்மா வேணும்."

"கோப்பியில சீனி கம்மி. கோவிச்சுக்காதீங்க," என்றான் யுவன்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு மூச்சு வந்தது. நீளமாக, இழுத்து இழுத்து வந்த மூச்சு.

இருவரும் ஓடிய ஓட்டத்தில் யுவனின் ஒரு செருப்பு பாதையிலேயே கிடந்தது. அதை எடுக்க யாரும் திரும்பிப் போகவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் லோஷினிக்குத் தைரியம் வந்தது. தம்பியோடு மெதுவாகப் போய்ப் பார்த்தாள்.

சோறு இல்லை. சம்பல் இல்லை. தட்டு பளிச்சென்று கழுவி, படியில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கரண்டி தட்டுக்கு அடியில் செருகப்பட்டிருந்தது. கோப்பி மட்டும் அப்படியே இருந்தது. அதில் எறும்புகள் மிதந்தன. பக்கத்தில் யுவனின் செருப்பு, மண் தட்டி வைக்கப்பட்டிருந்தது.

"சாப்பிட்டுட்டாரு! தாத்தா போயிட்டாரு!" என்று யுவன் குதித்தான்.

லோஷினி குதிக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீராசாமி தாத்தா உயிரோடு இருந்தபோதே ஒரு தட்டைக் கழுவியதில்லை. கோப்பியை அவர் விட்டு வைத்ததும் இல்லை. தண்ணீரை அளந்து குடிக்கிற ஆள்தான் கோப்பியை விட்டு வைக்கும். கரண்டியைத் தட்டுக்கு அடியில் செருகி வைக்கிற ஆள் அவளுக்குத் தெரிந்து ஒருவர்தான்.

பேய் என்று நினைத்தபோது வந்த பயத்தைவிட, இப்போது வந்த பயம் பெரிதாக இருந்தது.

மாலையில் அம்மா எண்ணெய்ப் புட்டியை எடுத்தார். "கோயிலுக்குப் போய்ட்டு வந்துடறேன்."

லோஷினி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். தம்பியை வீட்டில் இருக்கச் சொன்னாள்.

"நீ எங்க போற?"

"பேயைப் பார்க்க."

"நான் வரல," என்று யுவன் உடனே ஒப்புக்கொண்டான்.

எதிர் வீட்டுக் கதவைத் தள்ளினாள். உள்ளே, ஜன்னலோரம், ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அம்மா உட்கார்ந்திருந்தார். காலடியில் எண்ணெய்ப் புட்டி. அம்மா திடுக்கிடவில்லை. அவள் வருவாள் என்று எதிர்பார்த்தது போலத்தான் இருந்தார்.

"நெத்திலிச் சம்பல் சாப்பிட்டீங்களா?" என்றாள் லோஷினி.

"கொஞ்சம்."

"தட்டு காலியா இருந்துச்சு. டாக்டர் உப்பு வேணாம்னு சொன்னாரா இல்லையா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். "படைச்சது அப்படியே கெடந்தா தாத்தா போகலன்னு நீங்க பயந்து சாவீங்களேன்னு சாப்பிட்டேன். அப்புறம்... சம்பல் நல்லாத்தான் இருந்துச்சு."

லோஷினிக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

"இங்க ஏன் வந்து உட்கார்றீங்க?"

"விளக்கு வச்சுட்டு வர்ற வழிதானே." அம்மா ஜன்னலைப் பார்த்தே பேசினார். "நான் இல்லாம வீடு எப்படி இருக்கும்னு பார்த்துக்கிட்டா, போறதுக்கு மனசு பழகிடும்னு நினைச்சேன்."

"பழகிடுச்சா?"

"எங்க? முந்தாநாள் நீ தம்பி சட்டைக்குப் பட்டன் தைச்ச. விரல்ல குத்திக்கிட்ட. ஓடி வரணும்போல இருந்துச்சு. முடியலை லோஷினி. இந்தத் தேதியையும் தள்ளிப் போட்டுடலாம்னு இருக்கேன். பள்ளி லீவு வரட்டும்."

லோஷினியும் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெளிச்சமான அடுப்படியில் யுவன் தனியாக நின்றான். இருட்டைப் பார்த்து நின்ற அவன் முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, இங்கருந்து உங்களுக்கு எங்களைத் தெரியுது. அங்கருந்து எங்களுக்குப் பேய்தான் தெரியுது," என்றாள். "பேயா இருக்கணும்னா நம்ம வீட்டுக்கே வந்து இருங்க."

"என்னடி சொல்ற?"

"நீங்க வீட்டுல இல்ல. கோலாலம்பூர்ல இருக்கீங்க. அடுப்படி நாற்காலியில ஒரு பேய் உட்கார்ந்திருக்கு. அது யார் கண்ணுக்கும் தெரியாது. அது எதையும் தொடக்கூடாது. பார்க்க மட்டும்தான் செய்யலாம். சரியா?"

அம்மா எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

எதிர் வீட்டுப் பேய் அம்மாதான் என்று தெரிந்து, விளையாட்டின் விதியையும் கேட்டதும் யுவனுக்கு உயிர் வந்துவிட்டது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். அவன் அம்மாவின் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டிப் பார்த்தான். பள்ளிப் பையை மடியில் வைத்தான். பிறகு அவனே மடியில் ஏறி உட்கார்ந்தான்.

"அக்கா, இந்த நாற்காலி இன்னிக்கு ஏன் மெத்துன்னு இருக்கு?"

"பழைய நாற்காலி லா. அப்படித்தான் இருக்கும்."

லோஷினி சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு முட்டை பொரித்தாள். சட்டியில் புகை எழுந்தது.

"அடுப்பைக் குறைடி!" என்றது நாற்காலி.

"யாரோ பேசுற மாதிரி இல்ல?"

"காத்து அக்கா."

அப்போது மழை பிடித்தது. தகரக் கூரையில் சத்தம் கூடியது. விளக்கு ஒரு தடவை மங்கி எரிந்தது. யுவன் தட்டு எடுக்க இறங்கிப் போயிருந்தான். லோஷினி திரும்பி நாற்காலியைப் பார்த்தாள். அரை நொடி, அது உண்மையாகவே காலியாக இருப்பது போல் தெரிந்தது.

தட்டோடு வந்த யுவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

"பேயே, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"எங்க அம்மாவுக்குப் பயமா இருக்கா? அம்மாகிட்ட கேட்டா டிவி சத்தத்தைக் கூட்டிடுறாங்க."

"ரொம்பப் பயம்," என்றது பேய். குரல் அம்மாவின் குரல்தான். ஆனால் அப்படி ஒரு குரலை அவர்கள் இதுவரை கேட்டதில்லை. "ஆபரேஷனுக்குத் தூங்க வச்சதுக்கு அப்புறம் எழுந்திரிக்காமப் போயிடுவேனோன்னு பயம். நீங்க தவிச்சுப் போயிடுவீங்களேன்னு பயம்."

"எனக்கும் பயம்," என்றான் யுவன், சுவரிடம்.

"எனக்கும்," என்றாள் லோஷினி, சட்டியிடம்.

"நீங்க ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே இருந்தீங்களே! பயமில்லன்னு நினைச்சேன்."

"நீங்களும்தான் சிரிச்சுக்கிட்டே இருந்தீங்க."

லோஷினி அடுப்பை அணைத்தாள். "போகாம வீட்டுலயே இருந்தா அந்தக் கதவு தானா சரியாயிடுமா?"

"ஆகாது."

"நீங்க இல்லாதப்ப முட்டை கருகும். நாங்க அதைத் தின்னுக்குவோம். தம்பியைக் குளிக்க வைக்கத்தான் நாலு ஆள் வேணும். அப்பாவும் நானும் பார்த்துக்கிறோம். ஆனா நீங்க இல்லாம நல்லா இருப்போம்னு மட்டும் சொல்லமாட்டேன். அது பொய்."

வாசலில் லாரி வந்து நின்றது. அப்பா கணேஸ்வரன் நனைந்துகொண்டே உள்ளே வந்தார். சுவரைப் பார்த்து நிற்கும் மகன், கருகிய சட்டி, கண்ணைத் துடைக்கும் மனைவி. எல்லாவற்றையும் பார்த்தார்.

"என்ன நடக்குது இங்க?"

"அப்பா, நாற்காலியில பேய் இருக்கு," என்றான் யுவன்.

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே நாற்காலியைப் பார்த்தார். அவர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் அல்ல.

"திங்கக்கிழமை காலையில வேன் வருது. பேய் ஏறுமா ஏறாதா?"

அம்மா நீளமாக மூச்சை இழுத்தார். அந்த மூச்சு பிள்ளைகளுக்கு இப்போது பழகியிருந்தது.

"ஏறும்," என்றார்.

அம்மா போனார். ஆபரேஷன் அன்று அப்பா மருத்துவமனையிலிருந்து போன் செய்யும் வரை, வீட்டில் யாரும் எதையும் விழுங்கவில்லை. நாட்கள் மெதுவாக நகர்ந்தன. யுவன் ஒழுங்காகக் குளிக்கவில்லை. லோஷினி நிறைய முட்டைகளைக் கருக்கினாள்.

அம்மா மெலிந்துபோய் வீடு திரும்பினார். நெஞ்சில் நீளமாக ஒரு தழும்பு. படியேறினால் முன்போல் மூச்சு வாங்கவில்லை.

ஒரு மாலை, மழை விட்டு எல்லாம் அமைதியாக இருந்த நேரம். யுவன் சட்டென்று தலையைத் தூக்கினான்.

டிக். டிக். டிக்.

"அக்கா, என்ன சத்தம்?"

சுவர்க் கடிகாரம் நின்று வெகுநாள் ஆகிறது. அவன் சத்தத்தைத் தேடிக்கொண்டு மெல்ல நடந்தான். அடுப்படியில் இல்லை. கட்டிலுக்கு அடியில் இல்லை. கண்மூடிப் படுத்திருந்த அம்மாவின் அருகில் போனதும் நின்றுவிட்டான். முடியெல்லாம் சிலிர்த்தது.

"அக்கா! அம்மாவுக்குள்ள ஏதோ இருக்கு!"

"புதுக் கதவு லா," என்றார் அம்மா, கண்ணைத் திறக்காமல். "நல்லாத் திறந்து நல்லா மூடுது. அந்தச் சத்தம்தான்."

யுவன் குனிந்து காதைக் கிட்டே வைத்துக் கேட்டான். பயம் போய், முகம் மலர்ந்தது.

"அப்போ இனிமே எந்த வீட்டுல போய் ஒளிஞ்சாலும் கண்டுபிடிச்சிடுவோம்!"