ஐந்தாம் நம்பர் கால்

அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே நேரத்தில் பிடித்துப்போனது தரைதான். வாசலிலிருந்து பின்னறை வரை நீளநீளமாக மரப்பலகை, தேன் நிறத்தில். இவ்வளவு நல்ல தரை உள்ள வீட்டை ஏன் இத்தனை காலம் பூட்டிப் போட்டிருந்தார்கள் என்று கேட்க இருவருக்குமே தோன்றவில்லை.

கேட்கிற மனநிலையிலும் அவர்கள் இல்லை. பழைய வீட்டில் அவன் வேறொருத்தியோடு பழகியதும், குட்டு வெளிப்பட்டதும், காலில் விழாத குறையாகக் கெஞ்சியதும், இவள் அரைமனதோடு மன்னித்ததுமாக ஒரு வருஷம் போயிருந்தது. புது வீட்டில் புதிதாகத் தொடங்கலாம் என்றுதான் வந்தார்கள். இன்னொரு தடவை அப்படி ஏதாவது என்றால் உங்கள் பெட்டியை நானே கட்டித் தருவேன் என்று சொல்லிவைத்திருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

குடிவந்த வாரமே ஒரு தப்பு செய்தாள். பிறந்ததிலிருந்து சிமெண்டும் டைல்ஸும் பார்த்து வளர்ந்தவள், மாப்பை வாளித் தண்ணீரில் முக்கித் தாராளமாகத் துடைத்துவிட்டாள். மறுநாள் பலகைகளின் ஓரம் உப்பிக்கொண்டது, மெருகெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. பெயின்ட் கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். மரத்துக்குத் தண்ணீர்தான் எமன், தூசியை மெத்தென்ற துடைப்பத்தால் தள்ளு, துணியை ஒட்டப் பிழிந்து துடை, நாற்காலிக் கால்களில் கம்பளித் துண்டு ஒட்டு, ஈரக்காலோடு மட்டும் மிதித்துவிடாதே என்று பாடமே நடத்தினார். அன்றிலிருந்து குளியலறை வாசலில் இரண்டு மிதியடிகள். கணவன் துடைத்த காலையே மறுபடி துடைத்துக்கொண்டு, கோழி மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தான்.

அவளுக்கு வேலை செருப்புக்கடையில். பல வருஷ அனுபவம். காலைப் பார்த்தே நம்பர் சொல்லிவிடுவாள். கணவன் பின்னறையில் கணினி முன் உட்கார்ந்து வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். பகல் முழுக்க வீட்டில் அவன் மட்டும்தான்.

ஒரு மாலை அவள் திரும்பி வந்தபோது, அவனுடைய நாற்காலிக்குப் பின்னால் பலகையில் ஒரு பாதம் வெள்ளையாகப் பூத்திருந்தது.

குனிந்து பார்த்தாள். ஒல்லியான பாதம். கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம். அவன் கால் ஒன்பது, அவளுடையது ஏழு. இது ஐந்து, சந்தேகமே இல்லை. பொம்பளைக் கால்.

"இன்னைக்கு யாரு வந்தாங்க?"

"யாரும் வரலையே."

"பொய் சொல்லாதீங்க."

அவன் குனிந்து தடத்தைப் பார்த்தான். முகம் வெளுத்துப்போனது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தடங்கள் பெருகின. எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் மறையும், மறுநாள் அதே இடத்தில் மறுபடி பூக்கும். அறைக்குள் நுழைந்தால் உலராத தலைமுடியின் வாடை அடித்தது. தலைவலி என்று கடையில் பொய் சொல்லி ஒரு நாள் மதியமே வந்து கதவைத் திறந்தாள். வேறு யாரும் இல்லை. அவன் திரையைப் பார்க்காமல், கழுத்தைக்கூடத் திருப்பாமல் விறைத்து உட்கார்ந்திருந்தான். நாற்காலியின் பின்னால் இரண்டு பாதங்கள் ஜோடியாக, அவன் முதுகைப் பார்த்தபடி, இன்னும் ஈரமாக.

"எனக்குப் பின்னாடி யாரோ நிக்கிற மாதிரியே இருக்கு," என்று முணுமுணுத்தான். "சொன்னா நீ நம்ப மாட்டே."

நம்பவில்லைதான். வந்தவள் பின்வாசல் வழியாக ஓடியிருப்பாள் என்று நினைத்தாள். முன்பும் அவன் இப்படித்தான் விதவிதமாகக் கதை விட்டிருந்தான். அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. கையும் களவுமாகப் பிடித்தால் போதும் என்றிருந்தது.

எப்படியும் அந்தத் தரையைத் தேய்த்து வார்னிஷ் அடிக்க வேண்டியிருந்தது. அதையே பொறியாக வைத்தாள். விடுமுறை நாள் பார்த்து, அவனுடைய சாவியை வாங்கிக்கொண்டு, அவனை அவன் அக்கா வீட்டுக்கு அனுப்பினாள். அவன் இல்லாத அன்று தடம் விழாவிட்டால், அந்தப் பொம்பளையைக் கூட்டிவருகிறவன் அவனேதான். அப்புறம் பேச்சே இல்லை. அவன் பெட்டியைக் கட்டி வாசல் பக்கம் வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினாள்.

நாற்காலி, மேசையை வெளியே தள்ளினாள். மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே உப்புத்தாளால் தேய்த்து, தூளைத் துடைத்தெடுத்தாள். ஜன்னலைத் தாழிட்டு, அந்த மூலையில் தொடங்கி, பின்னோக்கி நகர்ந்து நகர்ந்து கதவு வரை பூசிக்கொண்டே வந்தாள். கடைசி வீச்சை வெளியில் நின்று இழுத்தாள். உள்ளே ஒரு ஈ உட்கார்ந்தாலும் பதியும். கதவைப் பூட்டினாள்.

பின்வாசலுக்கும் பூட்டுப் போட்டாள். பிறகு அவனுடைய நாற்காலியை நடையில் போட்டு, தெருக்கதவைப் பார்த்து உட்கார்ந்தாள். வருகிறவள் அந்த வழியாகத்தானே வர வேண்டும். பூட்டிய அறை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

நல்ல வெயில். வார்னிஷ் நெடி தலையைச் சுற்றியது. தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் நின்றது.

சப்.

பாதி காய்ந்த வார்னிஷில் வெறுங்காலை வைத்து எடுத்தால் வரும் ஓசை. மரம் என்றால் ஏதாவது சத்தம் போடும் என்று சொல்லிக்கொண்டாள்.

சப். சப்.

பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. ஈரத் தலைமுடியின் வாடை மட்டும் நெடியைத் தாண்டி வந்தது, மிகப் பக்கத்திலிருந்து.

மாட்டிக்கொண்டாள் என்றுதான் அந்த நேரத்திலும் நினைத்தாள். எழுந்து நேரே போய்ப் பூட்டைத் திறந்தாள்.

அறை காலி. ஜன்னல் தாழ் போட்டது போட்டபடி. மூலையிலிருந்து கதவு வரை வரிசையாகப் பாதங்கள். ஐந்தாம் நம்பர். விரல்கள் எல்லாம் கதவைப் பார்த்தபடி. திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.

பயத்துக்கு முன்னால் அவளுக்கு வந்தது நிம்மதிதான். அவன் பொய் சொல்லவில்லை. பாவி, இத்தனை நாள் இதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டா உட்கார்ந்திருந்தான் என்று நினைத்துக்கொண்டாள். நின்ற இடத்திலிருந்தே போன் செய்தாள்.

"உடனே வந்துடுங்க. உங்களைத் தப்பா நெனச்சுட்டேன். நாம இந்த வீட்டை விட்டுப் போயிடலாம்."



"பக்கத்துல யாரு?" என்றான்.

"யாரும் இல்லை. நான் மட்டும்தான்."

"பொய் சொல்லாதே." அவன் குரல் தணிந்தது. "நீ சொல்றதுக்கு முன்னாடியே இன்னொருத்தி அதையே சொல்றா."

மெல்லத் திரும்பினாள். நடையின் மங்கிய பலகையில், அவள் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால், வார்னிஷ் ஒட்டிய இரண்டு பாதங்கள் ஜோடியாகப் பளபளத்தன.

சப்.

அவள் கீழே பார்த்தாள். தன் ஏழாம் நம்பர் காலை ஒட்டி, அதே போல் தெருக்கதவைப் பார்த்து, ஐந்தாம் நம்பர் ஒன்று ஈரமாகப் பதிந்திருந்தது.