கிறிஸ்தோப்பரின் காரில் அணையாத விளக்கு

"ரீச்சர், ஒரு சின்ன மஞ்சள் லைற்றாலை என்ர கலியாணம் குழம்பப் போகுது."

யூலியானா இப்படிச் சொல்லிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்ததும் பாலசிங்கத்துக்குக் கையிலிருந்த தேநீர் மறந்துபோயிற்று. சரவணையில் அவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். மனைவி நாகபூசணி விஞ்ஞான ரீச்சர். ஊரில் கோழி காணாமற்போனாலும் சங்கிலி காணாமற்போனாலும் கண்டுபிடித்துக் கொடுப்பது நாகபூசணிதான். அதற்கு முன் குற்றவாளி என்று குறைந்தது மூன்று பேரைப் பிடித்துக் கொடுப்பது பாலசிங்கத்தின் பங்கு. அந்த மூவரும் எப்போதும் அப்பாவிகளாகவே இருப்பார்கள். அதனால் அவர் மனம் சோர்ந்ததே இல்லை.

"அழாமல் சொல்லும் பிள்ளை. என்ன லைற்?" என்றாள் நாகபூசணி.

யூலியானா அவளிடம் படித்தவள். தகப்பன் கிறிஸ்தோப்பர் ஊர்காவற்றுறையில் இரண்டு வள்ளங்கள் வைத்திருப்பவர். போர் நின்று சமாதானம் வந்து, அடைபட்ட பாதை திறந்ததும் ஆசைப்பட்டுக் கொழும்பிலிருந்து ஒரு கார் எடுப்பித்தார். போன மாதம் அதன் இடப்பக்க முன்சில்லு ஊளையிடத் தொடங்கியது. யூலியானாவுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை றெக்ஷன் அங்கேயே கார் திருத்தும் கராச் வைத்திருக்கிறான். சில்லின் பெயாரிங் தேய்ந்துவிட்டது என்று புதிது போட்டான். ஊளை நின்றது. ஆனால் ஸ்ரேறிங்குக்கு முன்னால் ஏபிஎஸ் என்ற மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. இன்னொரு பெயாரிங் எடுப்பித்துப் போட்டான். அப்போதும் விளக்கு அணையவில்லை.

"புதுச் சாமானை ஒளிச்சு வைச்சிட்டு வேறை பழசொண்டைப் போட்டு ஏமாத்துறான் எண்டு அப்பா சொல்லுறார். 'இனி என்னை மாமா எண்டு கூப்பிடாதை' எண்டும் சொல்லிப்போட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலை எங்கட கலியாண அறிவிப்பு வாசிக்க இருக்கு. அதை நிப்பாட்டச் சொல்லிப் பங்குச் சுவாமியிட்டைப் போகப் போறாராம்."

"பெயாரிங் வித்த கடைக்காரன்தான் கள்ளன்," என்றார் பாலசிங்கம். முதலாவது ஆள் பிடிபட்டுவிட்டான்.

நாகபூசணி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழும்பினாள். "ஸ்கூட்டரை எடுங்கோ. முதல் கராச்சைப் பாப்பம்."

றெக்ஷன் நாலு நாள் நித்திரை இல்லாதவன்போல் இருந்தான். ஆனால் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நேராகப் பதில் சொன்னான்.

"பிறேக் பிடிக்கேக்கை சில்லு இறுகி, கார் இழுபடாமல் பாக்கிறதுதான் ஏபிஎஸ், ரீச்சர். சில்லு என்ன வேகத்திலை சுத்துதெண்டு அதுக்குத் தெரிய வேணும். இந்தா, பெயாரிங்கின்ர ஒரு பக்கத்திலை கறுப்பு வளையம் இருக்கெல்லே? இதுக்குள்ளை சின்னச் சின்னக் காந்தங்கள் வரிசையா இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. அது சுத்தச் சுத்த, பக்கத்திலை இருக்கிற சென்சர் எண்ணிக்கொண்டிருக்கும்."

"வளையத்தை மறுபக்கமாப் போட்டிட்டீரோ?" என்று பாலசிங்கம் பாய்ந்தார்.

"இல்லை அண்ணை. சென்சரைப் பாத்தபடிதான் போட்டனான். சுத்தியலாலை அடிக்கவுமில்லை. அமத்திற மிசினிலை வைச்சு, வெளிவளையத்திலைதான் அமத்தினனான். சென்சரை வடிவாத் துடைச்சனான். வயரும் முறியேல்லை."

"அது எப்பிடி உமக்கு நிச்சயம்?" என்று நாகபூசணி கேட்டாள்.

"விசர் பிடிச்சுப்போய் ஊளையிட்ட பழைய பெயாரிங்கையே திருப்பிப் போட்டுப் பாத்தனான், ரீச்சர். கார் ஊளையிட்டது. ஆனால் லைற் எரியேல்லை."

நாகபூசணியின் கண்கள் சற்றே சுருங்கின. இருபத்தைந்து வருடம் அவளோடு குடும்பம் நடத்திய பாலசிங்கத்துக்கு அதன் அர்த்தம் தெரியும். ஏதோ அகப்பட்டுவிட்டது. என்னதான் அகப்பட்டது என்பது மட்டும் வழக்கம்போல் அவருக்குத் தெரியவில்லை.

"அப்ப சென்சரும் சரி, வயரும் சரி, உம்முடைய கையும் சரி. பிழை அந்த ரெண்டு புதுப் பெயாரிங்கிலையும் இருக்கு. ரெண்டும் ஒரே கடையோ?"

"இல்லை. முதலாவது யாழ்ப்பாணம். ரெண்டாவது கொழும்பிலை இருந்து வந்தது. ரெண்டையும் எடுத்தந்தது கிறிஸ்தோப்பர் ஐயாதான்." 'மாமா' என்று தொடங்கிய வாயைத் திருத்திக்கொண்டுதான் 'ஐயா' என்றான்.

"வந்த கையோடை உம்மட்டைத் தந்தவரோ?"

"இல்லை ரீச்சர். ரெண்டு முறையும் அடுத்த நாள் காலமைதான் தந்தவர்."

"ஆகா!" என்று பாலசிங்கம் தொடையில் தட்டினார். "மாமன்தான் இரவோடை இரவா மாத்தியிருக்கிறார்! கலியாணத்தைக் குழப்ப!"

"மெல்லக் கதையுங்கோ. அவற்ர வீடு பக்கத்திலைதான்," என்றாள் நாகபூசணி.

கிறிஸ்தோப்பரின் வீடு கடலைப் பார்த்தபடி இருந்தது. அவர் வீட்டில் இல்லை. கதவைத் திறந்ததும் காற்று உள்ளே புகுந்து கலண்டரை அடித்தது, மேசையிலிருந்த பூச்சாடியைச் சாய்த்தது. சுவரோரம் சிறு பீடத்தில் நின்ற அந்தோனியார் சுரூபம் மட்டும் அசையவில்லை. அதன் காலடியில் புதுத் தூண்டில் முட்கள் நூலும் இல்லாமல் பசையும் இல்லாமல் தலைகீழாகத் தொங்கின. பாலசிங்கம் சைவர்தான். ஆனாலும் அந்த அதிசயத்தைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"புதுச் சாமான் எதெண்டாலும் ஓரிரவு அவற்ர காலடியிலை வைச்சுத்தான் நாங்கள் பாவிக்கிறது," என்றாள் கிறிஸ்தோப்பரின் மனைவி கத்தரீனா, கோப்பியை நீட்டியபடி. "வலையெண்டாலும் சரி, வள்ளத்துக்கு எஞ்சினெண்டாலும் சரி."

நாகபூசணி பீடத்தருகே போய்ச் சேலையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றினாள். அதைப் பீடத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். பிறகு திரும்பவும் குத்திக்கொண்டு வந்து கோப்பியைக் குடித்தாள்.

வீடு திரும்பியதும் கணவரை யாழ்ப்பாணம் போய் மூன்றாவது பெயாரிங் ஒன்று வாங்கிவரச் சொன்னாள். "பெட்டியைத் திறக்காதேங்கோ. ஒரு இரும்புச் சாமானோடையும் சேத்து வைக்காதேங்கோ. முக்கியமா, கிறிஸ்தோப்பரிட்டைக் குடுக்காதேங்கோ." மண்டைதீவுக் காவலரணில் படையினர் பெட்டிக்குள் என்ன என்று கேட்டபோது, "ஒரு கலியாணம்" என்று சொல்ல பாலசிங்கத்துக்கு நாக்கு நுனிவரை வந்தது. நல்லவேளையாக அடக்கிக்கொண்டார்.

சனிக்கிழமை பின்னேரம் எல்லோரும் கிறிஸ்தோப்பரின் விறாந்தையில் கூடினார்கள். கிறிஸ்தோப்பர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்தார். றெக்ஷன் வாசற்படியைத் தாண்டவில்லை.

நாகபூசணி பழைய பெயாரிங்கை மேசையில் வைத்து, கறுப்பு வளையத்தின்மேல் கடதாசியை விரித்து, கராச்சிலிருந்து கொண்டுவந்த இரும்பு அரத்தூளைத் தூவினாள். தூள் நகர்ந்து, வளையம் முழுக்கச் சீப்பின் பல்லுப்போல ஒழுங்காக வரிசை பிடித்தது.

"இது சென்சர் எண்ணுற வரிசை. இனிப் புதுசுகளைப் பாருங்கோ."

இரண்டு புதுப் பெயாரிங்குகளிலும் தூள் ஓரிடத்தில் குவிந்தது, இன்னோரிடத்தில் வெறுமையாகக் கிடந்தது. வரிசை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

"இது ரெண்டும் புதுச் சாமான்தான், கிறிஸ்தோப்பர் அண்ணை. றெக்ஷன் ஒண்டையும் மாத்தேல்லை. ஆனால் போட முதலே ஒரு பெரிய காந்தம் இந்தச் சின்னக் காந்தங்களை எல்லாம் குழப்பிப்போட்டுது. ரெண்டும் ஓரிரவு எங்கை இருந்தது?"

கிறிஸ்தோப்பரின் கண்கள் தாமாகவே வீட்டுக்குள் இருந்த பீடத்துக்குப் போயின.

"அந்தோனியாரோ?" என்று பாலசிங்கம் வாய்விட்டார். மூன்றாவது குற்றவாளி!

"அவர் பாவம். அவற்ர காலுக்குக் கீழை இருக்கிறதுதான் குற்றவாளி." நாகபூசணி பீடத்தருகே போய் ஊசியைக் கழற்றி நீட்டினாள். அது அவள் விரலிலிருந்து பாய்ந்து பீடத்தில் ஒட்டியது. சுரூபத்தின் கீழே கறுப்பாக, வட்டமாக, தட்டையாக ஒன்று இருந்தது. "காத்துக்கு இவர் அசையாததும், தூண்டில் முள்ளு தொங்கினதும் இதாலைதான். இது ஒலிபெருக்கிக் காந்தம். இதை இஞ்சை வைச்சது ஆர்?"

"இடம்பெயர்ந்து திரும்பி வரேக்கை சுருவத்தின்ர அடி உடைஞ்சு கிடந்தது," என்று கத்தரீனா தடுமாறினாள். "நிக்கமாட்டுது. பேந்து யூலியானாதான் எங்கையோ குடுத்துச் சரிபண்ணிக்கொண்டு வந்தவள்."

யூலியானாவின் முகம் சிவந்தது. வாசற்படியிலிருந்து றெக்ஷன் மெல்லச் சொன்னான்.

"நான்தான் செய்து குடுத்தனான். அப்ப எங்களுக்குக் கலியாணப் பேச்சுக்கூட நடக்கேல்லை. அழுதுகொண்டு வந்தவா. அடியிலை இரும்புத் தகடு வைச்சுக் காந்தத்திலை நிப்பாட்டினனான். பெயாரிங்கை அதிலை வைக்கிறது எனக்குத் தெரியாது ஐயா."

கிறிஸ்தோப்பர் பீடத்தைப் பார்த்தார், பெடியனைப் பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை.

"நானே பழுதாக்கிப்போட்டு, என்ர சாமியை நிமித்தி வைச்ச பெடியனைக் கள்ளன் எண்டிருக்கிறன்," என்றார்.

பாலசிங்கம் மூன்றாவது பெட்டியை றெக்ஷனிடம் நீட்டினார். அவன் கராச் பக்கம் திரும்பியதும், "நில்!" என்றார் கிறிஸ்தோப்பர். "அப்பிடியே கொண்டுபோய்ப் போடேலாது. புதுச் சாமான்."

எல்லோருக்கும் திக்கென்றது. அவர் பீடத்துக்குப் போய், பலமாக இழுத்துச் சுரூபத்தைக் காந்தத்திலிருந்து பிரித்தார். விறாந்தை நுனிவரை கொண்டுவந்து மேசையில் வைத்து, காற்றில் விழாதபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"காந்தம் அங்கை கிடக்கட்டும். நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். நீ வை."

றெக்ஷன் பெட்டியை அந்தோனியாரின் முன்னால் வைத்தான். கத்தரீனா செபம் சொன்னாள். ஓரிரவு வேண்டாம், இவ்வளவு நேரம் போதும் என்று கிறிஸ்தோப்பரே முடிவு செய்தார்.

பொழுதுபடுவதற்குள் கார் கராச்சிலிருந்து வெளியே வந்தது. றெக்ஷன் ஓட்டினான். பக்கத்தில் கிறிஸ்தோப்பர், பின்னால் நாகபூசணியும் பாலசிங்கமும். சாவியைத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு எரிந்தது. பாலசிங்கம் முன்னால் எட்டிப் பார்த்தார். கார் நகர்ந்து தெருவில் ஏறியது. விளக்கு அணைந்தது. துறைமுகம்வரை போனார்கள், திரும்பி வந்தார்கள். விளக்கு அணைந்தபடியே இருந்தது. ஊளையும் இல்லை.

"லைற் அணைஞ்சிட்டுது, ஐயா," என்றான் றெக்ஷன்.

கிறிஸ்தோப்பர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் கோயிலுக்கு நேரத்துக்கு வா," என்றார். "சுருவத்துக்கு மரத்திலை ஒரு அடிக்கட்டையும் செய்துகொண்டு வா." பிறகு தொண்டையைச் செருமினார். "அதென்ன ஐயா? மாமா எண்டு சொல்லனடா."