ஐம்பத்து நான்கு படிகளும் ஒரு ரகசியமும்

மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த மூன்று மாடிக் குடியிருப்பில் ரகசியம் என்று ஒன்று பிழைத்ததாகச் சரித்திரம் இல்லை. யார் வீட்டில் என்ன குழம்பு என்பது பக்கத்து வீட்டுக்குத்தான் முதலில் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் பத்து வயது நோயல் மூன்று நாள் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டான்.

காப்பாற்றியிருக்கக் கூடாது. அதுதான் கதை.

நோயலுக்குத் தசைச்சிதைவு நோய். பிறவியிலேயே வந்தது. அவன் தசைகள் சீக்கிரம் தேய்ந்துபோகும். தேய்ந்தால் லேசில் சரியாகாது. நடப்பான், ஓட மாட்டான். தரையில் உட்கார்ந்தால், தொடைகளில் கையை ஊன்றித் தன் மேலேயே ஏறுவதுபோல் நிமிர்ந்து எழுவான். யாராவது "ஐயோ பாவம்" என்றால் முறைப்பான்.

சனிக்கிழமை தோறும் நந்தனம் பக்கத்தில் ஒரு நீச்சல் குளத்துக்குப் போவான். அங்கே பிசியோதெரபிஸ்ட் வைதேகி அக்கா பயிற்சி தருவார். தண்ணீருக்குள் அவன் கால்கள் கனக்காது. அந்த அரைமணி நேரத்துக்காகவே மற்ற ஆறு நாட்களையும் பொறுத்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் தவக்காலம் வந்தது. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாட்கள். தேவாலயத்தில் நடக்கும் மறைக்கல்வி வகுப்பில் ஆளுக்கொரு ஒறுத்தல் சொன்னார்கள். பிடித்த ஒன்றை விடுவதும், கஷ்டமான ஒன்றைச் செய்வதும்தான் ஒறுத்தல். ஒருத்தி சாக்லேட்டை விட்டாள். ஒருவன் கைப்பேசியை விட்டான். அதை அவன் அம்மா போன வாரமே பிடுங்கிப் பீரோவில் பூட்டிவிட்டார் என்பது வேறு விஷயம்.

"வெள்ளிக்கிழமை எல்லாரும் பரங்கிமலை மாதா கோயிலுக்குப் படி ஏறப் போறோம்," என்றார் வகுப்பு டீச்சர். "உங்க ஒறுத்தலை வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க. கஷ்டத்தைச் சத்தமில்லாம கடவுளுக்குக் குடுங்க."

மற்ற பிள்ளைகள் அதை வாசல் தாண்டியதும் மறந்தார்கள். நோயல் மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

நோயலின் வீடு தரைத்தளத்தில். அவன் அம்மா ஐரின், பள்ளிக்கூட ஆசிரியை. மாலை ஆறு மணிக்குத்தான் வீடு திரும்புவார். அப்பாவுக்குத் தூத்துக்குடியில் வேலை. நான்கரை மணிக்கு மேல் மாடிப்படி காலியாகத்தான் இருக்கும். மூன்றாவது மாடி ரெனிட்டா உடன் வந்தாள். அவளுக்குப் பதினொரு வயது. ஒரு வயது பெரியவள் என்பதைத் தினமும் நினைவூட்டுவாள்.

"மொத்தம் அம்பத்து நாலு படி," என்றாள் ரெனிட்டா. "இதை ஏறிட்டா மலையும் ஏறிடலாம். நான் எண்றேன், நீ ஏறு."

திங்கட்கிழமை ஒரு மாடி. செவ்வாய்க்கிழமை இரண்டு. புதன்கிழமை மூன்றும்.

ஏறும்போதுகூடப் பரவாயில்லை. இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் முழங்கால் கழன்றுவிடும்போல் இருந்தது. நோயல் கைப்பிடியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டான். கீழே பார்த்தால் படிகள் ஆடின.

"இன்னா புள்ளைங்களா, படியில இன்னா வேலை?" இரண்டாவது மாடிக் கதவைத் திறந்துகொண்டு வஜீஹா ஆன்ட்டி எட்டிப் பார்த்தார்.

"பூனையைத் தேடறோம் ஆன்ட்டி!" என்றாள் ரெனிட்டா.

"மூணு நாளாவா? அது பூனையா, புலியா?"

ஆன்ட்டி விஷயத்தை மாவு மில்லில் சொன்னார், இஸ்திரிக்காரரிடம் சொன்னார், மீன் வாங்கும்போதும் சொன்னார். ஐரின் டீச்சரிடம் மட்டும் சொல்லவில்லை. நமக்கேன் வம்பு என்று இருந்துவிட்டாராம்.

கடைசிப் படியை விட்டு இறங்கியபோது நோயலின் கால்கள் தானாக நடுங்கின. நிறுத்தப் பார்த்தான். நிற்கவில்லை.

"வலிக்குதாடா?" என்றாள் ரெனிட்டா.

"வலிச்சாத்தானே ஒறுத்தல்," என்றான் நோயல். "யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு."

ரெனிட்டா அவன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

வியாழக்கிழமை காலை. நோயல் சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குப் போனான். தொடை இரண்டும் கல்லாக இறுகியிருந்தன. சிறுநீர் கழித்தான். குனிந்து பார்த்தான்.

பழுப்பு நிறம். பால் ஊற்றாத டிகாஷன் மாதிரி.

அவசரமாகத் தண்ணீரை ஊற்றிவிட்டான். ஆனால் பார்த்ததைப் பார்க்காததாக ஆக்க முடியுமா?

போன மாதம்தான் வைதேகி அக்கா சொல்லியிருந்தார். "மறுநாள் தசை வலிச்சா, முந்தின நாள் அதிகமா செஞ்சுட்டேன்னு அர்த்தம். சிறுநீர் டீ மாதிரி, கோலா மாதிரி வந்தா ஒரு நிமிஷம்கூட வச்சிருக்காதே, அம்மாகிட்ட ஓடு. தசை உடைஞ்சு ரத்தத்துல கலந்தா கிட்னியைக் கெடுத்துடும்."

'நான் எங்கே ஓடுவது' என்று அன்றைக்குச் சிரித்தவன் நோயல். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

சொன்னால் மலை போச்சு. சனிக்கிழமைக் குளமும் போச்சு. அம்மா இனி எதற்கும் விடமாட்டார். சொல்லாவிட்டால்? கிட்னி எங்கே இருக்கிறது என்றுகூட அவனுக்குச் சரியாகத் தெரியாது. முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டான். இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருந்தான். மறுபடி போனான்.

அதே டிகாஷன்.

பள்ளிக்குக் கிளம்பி வந்த ரெனிட்டா வாசலில் நின்றாள். நோயல் அவள் காதில் விஷயத்தைச் சொன்னான். அவள் முகம் வெளுத்தது.

"செத்துடுவியாடா?"

"தெரியலை."

"நான்தான் எண்ணினேன்," என்றாள் அவள். "நான் சொல்ல மாட்டேன்டா. சத்தியம் பண்ணியிருக்கேன்ல. யாருக்கும் சொல்ல மாட்டேன்."

நோயல் அவளைப் பார்த்தான். இந்தப் பயத்தைத் தூக்கிக்கொண்டு அவள் பள்ளிக்கூடம் போவாள். கணக்குப் பாடத்தில் அதை நினைப்பாள். சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தும் சாப்பிட மாட்டாள். அவனுடைய ஒறுத்தலை அவள் ஏன் சுமக்க வேண்டும்?

"உன் சத்தியம் கேன்சல்," என்றான். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினான். "அம்மா! எனக்கு டீ கலர்ல ஒண்ணுக்கு வருது!"

உள்ளே ஒரு தட்டு விழுந்து உருண்டது.

அடுத்த பத்தாவது நிமிடம் ஆட்டோ வந்தது. வஜீஹா ஆன்ட்டிதான் கூப்பிட்டிருந்தார். நோயலைப் பிடித்து ஏற்றியவரும் அவரே.

"அல்லா! அன்னிக்கே டீச்சராண்ட சொல்லியிருக்கணும்," என்று தன் வாயில் தானே அடித்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் சொன்ன வாய்.

மருத்துவமனையில் கையில் ஊசி குத்தி சலைன் ஏற்றினார்கள். ரத்தம் எடுத்தார்கள். சிறுநீரைப் புட்டியில் பிடித்து வைக்கச் சொன்னார்கள். அம்மா திட்டவில்லை. திட்டினால்கூடப் பயம் குறைந்திருக்கும். ஒவ்வொரு முறையும் இருவரும் புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். டிகாஷன். மறுபடி டிகாஷன். சாயங்காலம் லேசாக டீ. வெள்ளிக்கிழமை மத்தியானம் எலுமிச்சைச் சாறு.

"கிட்னி தப்பிச்சது," என்றார் டாக்டர். "பையன் உடனே சொன்னதால."

அப்போதுதான் அம்மா அழுதார். அழுது முடித்ததும் தீர்ப்புச் சொன்னார். "இனிமே படி கிடையாது. குளம் கிடையாது. எக்சர்சைஸ்ங்கிற பேச்சே வீட்டுல வரக் கூடாது."

மாலையில் ரெனிட்டா வந்தாள். மலை ஏறிய களைப்பு.

"மேல வரைக்கும் கார் ரோடு இருக்குடா! பாதிப் பேர் ஆட்டோல வந்து எங்களுக்கு முன்னாடி உக்காந்திருக்காங்க. ஒறுத்தல் சொன்ன டீச்சரே ஆட்டோலதான் வந்தாங்க."

நோயலுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மறுநாள் வைதேகி அக்கா வந்தார். அம்மா சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

"சும்மாவே வச்சிருந்தா மூட்டு இறுகிடும் டீச்சர். அதுவும் ஆபத்து. டாக்டர் சரின்னு சொன்னப்புறம் குளத்துல மெதுவா ஆரம்பிக்கலாம். பேசிக்கிட்டே செய்யணும். மூச்சு வாங்கிப் பேச முடியலைன்னா நிறுத்திடணும்."

"அவன் நிறுத்த மாட்டான்," என்றார் அம்மா. "எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும் பயம்தாம்மா," என்றான் நோயல். "அந்தக் கலரைக் கண்ணை மூடினாலும் பார்க்கறேன். நானே நிறுத்தறேன். களைச்சப்புறம் இல்லை, களைக்கறதுக்கு முன்னாடி. நிறுத்தலைன்னா அடுத்த வாரம் கூட்டிட்டுப் போகாதே."

அம்மா அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை.

டாக்டர் சம்மதிக்க நான்கு வாரம் ஆயிற்று. ஐந்தாவது சனிக்கிழமை அம்மா குளத்தின் விளிம்பில் துண்டைக் கசக்கிக்கொண்டு நின்றார். நோயல் தண்ணீருக்குள் காலை வைத்தான். தொடை இறுகுமோ என்று தொட்டுப் பார்த்தான். இறுகவில்லை. வைதேகி அக்கா தாங்கிப் பிடிக்க, மெதுவாகக் கால்களை அசைத்தான். பள்ளியில் நடந்த ஒரு சண்டையை ஆதியோடு அந்தமாகச் சொல்லிக்கொண்டே அசைத்தான். அந்தப் பக்கம் போனான். இந்தப் பக்கம் வந்தான். தண்ணீர் அவனைத் தூக்கிக்கொண்டது.

சண்டைக் கதையின் நடுவில் ஒரு வார்த்தைக்கு மூச்சு பிடிக்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு வார்த்தைதான். இன்னும் ஒரு சுற்று போகலாம்போல் ஆசையாகவும் இருந்தது.

"போதும்க்கா," என்றான் நோயல்.

அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கேடா! அதுக்குள்ள ஏன் வர்றே?"

வைதேகி அக்கா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அடுத்த சனிக்கிழமை வருவோம்ல," என்றான் நோயல். "துண்டைக் குடும்மா, குளிருது."